எஞ்சின் மாற்றமும் செலவுக் கணக்கும்

ஒரு காரின் எஞ்சினை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் வேறொரு காரின் எஞ்சினைப் பொருத்தும் வழக்கம் மேல்நாட்டு இளைஞரிடையே பெரிதும் காணப்படுகின்றது. சிறப்பாக, அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஹாட்ச்பேக் எனப்படும் பின்கதவுச் சிறுகாரொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, ஆற்றல் மிக்க எஞ்சினை அதனுள் அமைத்துக்கொள்வோர் பலர். அவருள் எடுத்த வேலையை இனிது முடித்தாரும் உளர். கைப்பொருள் தீர்ந்து, எஞ்சின் இல்லாத காரை வீட்டின் பின்புறத்தே மழையில் நனையவிட்டாரும் உளர். இவ்விரு திறத்தாரையும் வேறுபடுத்துவது பெரும்பாலும் கைத்திறன் அன்று. தொடங்குமுன் செய்த கணக்கே யாகும். அக்கணக்கு எவ்வாறு செய்யப்படல் வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் நமக்கு எஞ்சினைப் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். நாம் வகுப்பில் நாடோறும் பயிலும் புணர்ச்சி இலக்கணமே இதற்கு விடையாகும். நிலைமொழி ஒன்று; வருமொழி ஒன்று. தனித்தனியே நோக்கின் இரண்டும் குறைவற்றவை. இரண்டும் கூடுமிடத்தே சிலபோது யாதொரு மாற்றமும் நிகழாது, அஃது இயல்பு. சிலபோது புதியதோர் எழுத்துத் தோன்றும். ஓரெழுத்து மற்றோர் எழுத்தாகத் திரியும். உள்ளதோர் எழுத்துக் கெடும். எஞ்சின் மாற்றமும் இத்தகையதே. கார் நிலைமொழி, எஞ்சின் வருமொழி. முதற்கண் நம் கண்ணுக்குப் புலப்படுவது வருமொழியின் விலையே. ஆனால் கைப்பொருளை மெல்ல மெல்ல உண்பதோ, அவ்விரண்டும் கூடும் இடத்தில் நிகழும் தோன்றலும் திரிதலும் கெடுதலுமேயாம்.

1. எடுத்துக்காட்டு

அமெரிக்காவில் 1992 முதல் 1995 வரையிலான ஆண்டு மாதிரிகளாக விற்கப்பட்ட ஹோண்டா சிவிக் பின்கதவுக் காரை நாம் எடுத்துக்கொள்வோம். அதன் வகைகளுள் எளியது சி.எக்ஸ். என்பது. அதன் எஞ்சின் 1.5 லிட்டர் கொள்ளளவும் 70 குதிரைத்திறனும் உடையது. காரின் எடை ஏறத்தாழ 950 கிலோகிராம். வருமொழியாக, அதே நிறுவனம் அக்யூரா என்னும் பெயரால் 1994 முதல் 2001 வரை அங்கு விற்ற இன்டெக்ரா காரின் ஜி.எஸ்.ஆர். வகை எஞ்சினைக் கொள்வோம். பி18சி1 என்னும் குறியீடுடைய அது 1.8 லிட்டர் கொள்ளளவும் 170 குதிரைத்திறனும் உடையது. அந்த இன்டெக்ரா, அக்காலத்துச் சிவிக்கின் அடிச்சட்டத்தைத் தழுவி அமைக்கப்பட்டது. ஆகவே இவ்விரண்டும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை; ஒன்றனுள் ஒன்றைப் பொருத்துதல் எளிது. இவ்வெளிமையே பலரை இத்துறையில் இறக்கியது. உறவில்லாத கார்களிடையே செய்யும் மாற்றத்திலோ, தாங்கிகளைப் புதிதாக வெட்டி ஒட்டவைத்தல் முதலிய வேலைகள் மேலும் பெருகும். எளிய மாற்றத்திற்கே எத்துணை எண்ணம் வேண்டும் என்று காண்போமாயின், அரிய மாற்றத்தின் அருமை தானே விளங்கும்.

2. நோக்கத்தைத் தெளிதல்

யாது வேண்டி எஞ்சினை மாற்றுகின்றோம் என்பதே முதல் வினா. பழைய எஞ்சின் எண்ணெயை எரித்துப் புகை விடுவதே குறையாயின், அதனைப் பிரித்துப் புதுப்பித்தலோ, அதே வகை எஞ்சின் ஒன்றைப் பொருத்துதலோ போதும். சற்று விரைவு வேண்டின், அதே சிவிக்கின் எஸ்.ஐ. வகையில் இருந்த 1.6 லிட்டர், 125 குதிரைத்திறன் எஞ்சின் உண்டு. அது பழைய எஞ்சினின் இனத்தையே சார்ந்ததாகலின் கூடுமிடத்து மாற்றங்கள் குறைவு. இவ்விரண்டாலும் நிறைவுறாது, இன்டெக்ராவின் எஞ்சினே வேண்டுமென்று துணிபவர்க்கே மேல்வரும் கணக்கு உரியது. வேண்டுவது யாதென்று ஒரு தாளில் ஒரே வாக்கியமாக எழுதி வைத்துக்கொள்ளல் நன்று. வேலையின் இடையே புதிய ஆசை எழுந்தோறும் அவ்வாக்கியத்தோடு அதனை ஒப்பிட்டு, அதற்குப் புறம்பானதாயின் விலக்கிவிடலாம்.

3. சட்டத்தை முன்னர் அறிதல்

பணம் கொடுக்குமுன் சட்டத்தை வினவ வேண்டும். அமெரிக்காவில் எஞ்சின் மாற்றிய காரானது, அதே ஆண்டையோ அதற்குப் பிந்திய ஆண்டையோ சார்ந்த, அரசால் சான்றளிக்கப்பெற்ற ஒரு காரின் அமைப்போடு புகைத் தடுப்பு வகையில் முற்றும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது மத்திய சுற்றுச்சூழல் துறையின் கொள்கை. கலிபோர்னியா மாநிலத்தில் இவ்விதி மிகக் கண்டிப்பாகக் காக்கப்படுகின்றது. எஞ்சின் காரினும் பழைய ஆண்டினதாக இருத்தல் ஆகாது. அவ்வெஞ்சினோடு தொழிற்சாலையில் அமைந்த புகைத் தடுப்புக் கருவிகள் யாவும் உடன்வருதல் வேண்டும். இதற்கென அமைந்த நடுவர் நிலையத்தில் காரைக் காட்டி அடையாளச் சீட்டுப் பெறுதலும் வேண்டும். 1995-ஆம் ஆண்டுக் காரில் 1994-ஆம் ஆண்டு எஞ்சினைப் பொருத்தினவர், ஓராண்டு வேறுபாட்டினால் தம் உழைப்பு முழுதும் பயனற்றுப்போகக் காண்பர். ஜப்பான் நாட்டிலிருந்து தருவிக்கப்படும் எஞ்சின்கள் விலையில் நயமாயிருப்பினும், அவை அமெரிக்கச் சான்று பெற்ற அமைப்பினவல்ல ஆகலின் இத்தடையில் சிக்குதல் எளிது.

நம் நாட்டிலோ, 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதனைப் பற்றிப் பேசுகின்றது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றினின்றும் வேறுபடுமாறு உரிமையாளர் காரை மாற்றுதல் கூடாது என்பது அதன் கருத்து. 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. எனவே மேல்நாட்டு வழக்கத்தை நோக்கி நம்மூரில் இவ்வேலையில் இறங்க விழைவோர், பட்டறைக்குச் செல்லுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குச் செல்லுதல் வேண்டும்.

4. கூடுமிடத்து நிகழும் மாற்றங்கள்

இனி, நம் எடுத்துக்காட்டில் நிலைமொழியும் வருமொழியும் கூடுமிடத்தை ஆராய்வோம்.

இயல்பாய் அமைவன: எஞ்சின் நிற்கும் அறையின் அளவும், அடிச்சட்டத்தில் தாங்கிகள் இணையும் துளைகளும் பொருந்துவன. இரண்டு கார்களிலும் கிளட்சு எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. ஆதலின் 1994-க்குப் பிந்திய இன்டெக்ராவின் கியர்பாக்ஸ் சிவிக்கின் கிளட்சு அமைப்போடு இணங்கும். ஆனால் அதே இனத்துப் பழைய கியர்பாக்ஸ்களுள் கம்பியால் இழுக்கப்படும் கிளட்சு உடையனவும் உள. விலை குறைவென்று கருதி அதனை வாங்கினவர் வேறு மாற்றுக் கருவிகளைத் தேடி அலைய நேரிடும்.

கெடுவன: சிவிக்கின் பழைய எஞ்சின் தாங்கிகள், சக்கரத்தைச் சுழற்றும் ஆக்ஸில் தண்டுகள், கியர் மாற்றும் இணைப்புக் கம்பிகள் ஆகியவை பயன்படா. இவற்றிற்கு ஈடாக இன்டெக்ராவின் தாங்கிப் பிடிகளும், இடைத்தண்டோடு கூடிய ஆக்ஸில்களும், கியர் இணைப்பும் வருதல் வேண்டும். எஞ்சினை விற்பவர் இவற்றையும் உடன் தருகின்றாரா என்பதை வாய்மொழியாக அன்றி எழுத்தால் அறிதல் வேண்டும். இச்சிறு பொருள்களைத் தனித்தனியே வாங்கின், எஞ்சின் விலையில் நயமாகக் கிட்டியது என்று மகிழ்ந்த மகிழ்ச்சி அங்கேயே கரைந்துவிடும்.

தோன்றுவன: ஜி.எஸ்.ஆர். எஞ்சினில், வேகம் மிகும்போது வால்வுகளின் திறப்பை மாற்றும் வீடெக் அமைப்பு உண்டு. சி.எக்ஸ். எஞ்சினில் அஃது இல்லை. ஆதலால் வீடெக்கைத் திறக்கும் மின்கருவிக்கும், அதன் எண்ணெய் அழுத்தத்தை உணரும் கருவிக்கும், எஞ்சினின் தட்டொலியை உணரும் கருவிக்கும், காற்றுக் குழாயின் வழியை மாற்றும் கருவிக்கும் புதிய மின்கம்பிகள் இழுக்கப்படல் வேண்டும். எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டியும் புதிதாக வேண்டும்.

திரிவன: சைலன்சர்க் குழாய் புதிய எஞ்சினின் வாயோடு சேருமாறு வெட்டி ஒட்டப்படும். ரேடியேட்டர்க் குழாய்களின் வளைவு மாறும்; சி.எக்ஸ். காரின் சிறிய ரேடியேட்டர் பெரிய எஞ்சினின் வெப்பத்தைத் தாங்குமா என்பதும் நோக்கப்படும். 1996-ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கக் கார்களில் ஓபிடி2 என்னும் இரண்டாம் முறைக் கணினிச் சோதனை புகுந்தது; 1995 வரையுள்ள சிவிக்கோ முதல் முறையைச் சார்ந்தது. ஆகவே 1996-க்குப் பிந்திய எஞ்சினை எடுப்பின், மின்இணைப்பு முனைகள் சில பொருந்தாமல் அவற்றையும் மாற்ற நேரும்.

இந்நான்கு தலைப்புகளையும் ஒரு குறிப்பேட்டில் நான்கு பத்திகளாக வரைந்து, எஞ்சின் அறையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் ஏதேனும் ஒரு பத்தியில் எழுதுதல் வேண்டும். எந்தப் பத்தியிலும் சேராத பொருள் ஒன்று இருப்பின், நாம் இன்னும் போதிய அளவு அறியவில்லை என்பது அதனாற் பெறப்படும்.

5. எஞ்சினைத் தேர்ந்து வாங்குதல்

பழைய எஞ்சின் தன் வரலாற்றைத் தானே கூறாது. கூறுமாறு நாம் செய்தல் வேண்டும். இயலுமாயின் அது தன் காரிலேயே ஓடும்போது கேட்பது நன்று. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கருவியால் அளந்து, நான்கும் தம்முள் நெருங்கிய அளவினவாக உள்ளனவா என்று நோக்குதல் வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருப்பின் வால்வோ, வளையமோ, கேஸ்கட்டோ பழுதுற்றிருக்கும். எண்ணெயில் நீர் கலந்த வெண்மையும், நீரில் எண்ணெய்ப் பசையும் தீய குறிகள்.

மற்றொன்றும் கருதற்பாலது. இவ்வகைக் கார்கள் அவற்றின் உறுப்புகளுக்காகவே மிகுதியாகத் திருடப்பட்டவை. எஞ்சின் எண்ணைச் சரிபார்த்து, யாரிடமிருந்து வந்தது என்பதற்குரிய சீட்டைப் பெறாமல் வாங்குதல் அறமும் அன்று, அறிவும் அன்று. திருட்டுப் பொருளென்று பின்னர்த் தெரியவரின் பொருளும் போம், பணமும் போம், பெயரும் போம்.

வாங்கிய எஞ்சினை அவ்வாறே பொருத்திவிடலும் ஆகாது. இவ்வெஞ்சினின் டைமிங் பெல்ட் அறுமாயின் பிஸ்டன் வால்வுகளின்மீது மோதி அவற்றை வளைத்துவிடும். எஞ்சின் வெளியே இருக்கும்போது பெல்ட்டையும், வாட்டர் பம்பையும், ஆயில் சீல்களையும், கிளட்சுத் தட்டையும் மாற்றுதல் எளிது. உள்ளே வைத்தபின் இவற்றை மாற்றுவதற்கு ஆகும் உழைப்பு மிகப் பெரிது. ஆகவே இச்செலவு முதற்கணக்கிலேயே இடம்பெறுதல் வேண்டும்.

6. நிறுத்தும் ஆற்றல்

70 குதிரைத்திறனுள்ள பழைய காரில் ஒரு குதிரைத்திறன் ஏறத்தாழ 13.5 கிலோகிராமை இழுத்தது. புதிய எஞ்சினால் காரின் எடை 1,000 கிலோகிராம் ஆயிற்று என்று கொண்டாலும், ஒரு குதிரைத்திறனுக்கு 6 கிலோகிராமும் வாராது. இவ்வேறுபாடு இளைஞர் உள்ளத்தைக் கவர்வது இயல்பே. எனினும் ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வது என்பதை நாம் இயற்பியலில் கற்றுள்ளோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை 100 ஆக்கினால் வேகம் 25 விழுக்காடே மிகும். பிரேக்குகள் தணிக்க வேண்டிய ஆற்றலோ 56 விழுக்காடு மிகும். சி.எக்ஸ். காரின் முன் பிரேக் தட்டுகள் சிறியவை. பின்புறம் டிரம் வகையினது. இன்டெக்ராவிலோ நான்கு சக்கரங்களிலும் தட்டுப் பிரேக்குகள் அமைந்திருந்தன. அந்த எஞ்சினைக் கொண்டுவருபவர் அதற்கேற்ற பிரேக்கையும் கொண்டுவருதல் வேண்டும். பெரிய தட்டை அமைப்பின் பழைய 13 அங்குலச் சக்கரம் அதற்கு இடம் தருமா என்ற வினா எழும்; அதனால் சக்கரமும் டயரும் மாறும்; ஷாக் அப்சார்பர்களும் சோதிக்கப்படும். இச்செலவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பவர், தம் உயிரையும் வழிச்செல்லும் பிறர் உயிரையும் ஈடு வைக்கின்றார்.

7. செலவுக் கணக்கு

கோபுரம் கட்டத் தொடங்கி முடிக்கவியலாது நகைப்புக்கு இடமானவனைப் பற்றிய நற்செய்தி உவமையை நாம் அறிவோம். அவனுக்குக் கல்லின் விலை தெரியாதிருந்தது என்பதன்று. உட்கார்ந்து முழுக்கணக்கையும் கூட்டிப் பாராமையே அவன் குறை. சந்தை விலை இடந்தோறும் மாறும் ஆதலால், எஞ்சின், கியர்பாக்ஸ், கணினிப் பெட்டி, வயரிங் ஆகியவை சேர்ந்த தொகுதியின் விலையை 100 பங்கு என்று வைத்து, கணக்கிடும் முறையை மட்டும் காட்டுவோம். இவ்வெண்கள் முறையை விளக்க நாம் கற்பித்துக்கொண்டவை; தொடங்குபவர் தம் ஊர் விலையை இட்டு நிரப்பிக்கொள்க.

எஞ்சின் தொகுதி — 100
பெல்ட், வாட்டர் பம்பு, சீல்கள், கேஸ்கட்டுகள், கிளட்சு — 18
தாங்கிகள், ஆக்ஸில்கள், கியர் இணைப்பு — 20
புதிய மின்கம்பிகளும் முனைகளும் — 5
சைலன்சர் வேலை, ரேடியேட்டர், குழாய்கள் — 17
பிரேக்கு, சக்கரம், டயர், ஷாக் அப்சார்பர் — 30
எண்ணெய்கள், குளிர்நீர், சிறு போல்ட்டுகள் — 5
செயின் பிளாக் வாடகை, கருவிகள், ஏற்றிச்செல்லும் கூலி — 8
சோதனை, பதிவு, காப்புறுதி — 7
ஆகக் கூடுதல் — 210

இதனோடு, துருப்பிடித்து முறியும் போல்ட்டு முதலாக முன்னறிய இயலாதவற்றிற்கு ஐந்தில் ஒரு பங்கு சேமத்தொகையாக 42 கூட்டினால் 252 ஆகும். இதனால் அறியப்படுவது யாது? முழுச் செலவில் எஞ்சினின் விலை ஐந்தில் இரண்டு பங்கேயாம். ஆகவே கையில் உள்ள பணம் முழுவதற்கும் எஞ்சினை வாங்குபவர், வேலையின் முற்பாதியையே வாங்கியவராவர். கையில் 100 பணம் இருப்பின், எஞ்சினுக்கு 40 அளவில் நிற்றல் வேண்டும். பழைய எஞ்சினை விற்றுப் பெறும் தொகையை, அது விற்றுக் கைக்கு வருமுன் வரவில் எழுதலும் கூடாது.

ஒருமுறைச் செலவோடு தொடர்செலவும் உண்டு. ஜி.எஸ்.ஆர். எஞ்சினுக்கு உயர்தரப் பெட்ரோல் வேண்டும்; பழைய எஞ்சின் சாதாரணப் பெட்ரோலிலேயே ஓடியது. ஒரு லிட்டருக்கு ஓடும் தூரமும் குறையும். காப்புறுதிக் கழகத்திற்கு மாற்றத்தை அறிவித்தல் கடமை. அறிவியாதிருப்பின் விபத்து நேர்ந்த நாளில் உதவி கிட்டாது போகலாம்.

8. வேலையின் வரிசை

பணம் சிறிது சிறிதாகச் சேரும் மாணவர்க்கும் தொழிலாளர்க்கும் வரிசையே பெருந்துணை. எந்தப் படியில் நின்றுவிட்டாலும் கார் ஓடிக்கொண்டிருக்குமாறு வரிசைப்படுத்துதல் வேண்டும். முதலில் பிரேக்கும் டயரும் மாற்றப்படட்டும். பழைய எஞ்சினோடும் அவை பயன்படும். அடுத்து, பொருந்துவதாயின் ரேடியேட்டர். பின்னர் எஞ்சின் வாங்கப்பட்டு, நிலத்தில் நிற்கும்போதே பெல்ட்டும் சீல்களும் கிளட்சும் புதுப்பிக்கப்படட்டும். தாங்கி, ஆக்ஸில், மின்கம்பி, கேஸ்கட்டு ஆகிய யாவும் வந்து சேர்ந்து, பட்டியலில் ஒவ்வொன்றும் கோடிடப்பெற்ற பின்னரே பழைய எஞ்சினின் முதற் போல்ட்டைக் கழற்றுதல் வேண்டும். எஞ்சினைத் தூக்கிய பின்னர்ச் சிறு பொருளொன்றிற்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும், அக்காரை நம்பி வேலைக்குச் செல்பவர்க்குக் கூலியிழப்பாகும்.

கழற்றும்போது ஒவ்வொரு மின்முனையிலும் பெயரெழுதிய துண்டு கட்டுக; ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளையும் தனிப்பையில் இடுக; கழற்றுமுன் ஒளிப்படம் எடுத்துக்கொள்க. இவை செலவில்லாதவை, சேமத்தொகையைக் காப்பவை. தூக்கிய எஞ்சினின் கீழ் எவரும் நிற்றல் ஆகாது. காரின் அடியில் புகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாது உறுதியான தாங்கு நிலைகளை வைத்தல் வேண்டும்.

முடிவுரை

இவ்வாறு கணக்கிட்டபின், வேலையைத் தொடங்காமல் விடுவதே நன்று என்ற முடிவுக்குச் சிலர் வரக்கூடும். அதுவும் கணக்கின் பயனே. அந்தச் சிவிக் காரை விற்று, தொழிற்சாலையிலேயே அவ்வெஞ்சினோடு செய்யப்பட்ட பழைய இன்டெக்ரா ஒன்றை வாங்குதல் 252 பங்கினும் குறைவாக முடியுமாயின், அதுவே தக்க வழி. பிரேக்கும் சட்ட ஒப்புதலும் அதனோடு உடன்வரும். தம் கையால் ஒன்றைச் செய்து கற்றல் வேண்டும் என்னும் வேட்கை உடையவர், அக்கல்விக்கு ஆகும் கட்டணம் இத்துணை என்று தெளிவாக எழுதிக்கொண்டு தொடங்குவாராக. அவர்க்கு அது வீண்செலவாகாது.

செய்யுளில் இரு சொற்கள் இனிது இணைந்து ஒலிக்கும்போது, இடையே தோன்றியதும் திரிந்ததும் கெட்டதும் கேட்போர்க்குப் புலனாவதில்லை. இலக்கணம் கற்றார்க்கே புலனாகும். நன்கு அமைந்த காரும் அவ்வாறே சாலையில் செல்லும். காண்பவர் எஞ்சினின் விரைவைப் புகழ்வர். அதனைச் செய்தவரோ, தாங்கியும் தண்டும் கம்பியும் சீலும் பிரேக்கும் தம் குறிப்பேட்டில் எந்தப் பத்தியில் இருந்தன என்பதை அறிவர். பெரும்பொருளின் விலையைக் கேட்டு மயங்காது, அது வந்து சேரும் இடத்தின் விலையையும் கூட்டிப் பார்த்தபின் துணிதலே, எஞ்சினுக்கேயன்றி எச்செயலுக்கும் ஏற்ற முறை என்பது நம் துணிபு.